மகாமக மலர் முதல் சிட்டா ஸ்கேன் வரை: டி.டி.பி. கடையில் எந்தக் கோப்பை எதற்கு நம்பலாம்

கேள்வி: கும்பகோணத்தில் சிறிய டி.டி.பி., ஜெராக்ஸ் கடை. வேர்டு, பிடிஎஃப், கோரல்டிரா, பேஜ்மேக்கர் என்று எல்லா வகைக் கோப்பும் பென்டிரைவிலும் வாட்ஸ்அப்பிலும் வருகின்றன. இரண்டு முறை வைரஸ் புகுந்து கணினியையே துடைத்துப் போட வேண்டியதாயிற்று. கல்லூரிப் பிள்ளைகள் ஆய்வேட்டை லேடெக்கில் (கட்டளைகளோடு எழுதிப் பக்கமாக்கும் முறை) கொண்டுவருகிறார்கள். 2004 மகாமகத்துக்குப் பேஜ்மேக்கரில் செய்த மலர் ஒன்றை 2028 மகாமகத்துக்கு மறுபதிப்பாக்கித் தரவும் கேட்கிறார்கள். பாதுகாப்பாகவும் வேலைக்குத் தோதாகவும் இருக்கும்படி ஒரே வடிவத்துக்கு மாறிவிடலாமா?

பதில்:

ஒரே வடிவத்துக்கு மாற முடியாது, மாறவும் வேண்டாம். ஒரு கோப்பு வடிவத்துக்கு எத்தனை வேலை தெரியுமோ, அத்தனை வேலையும் அதற்குள் ஒளிந்து வருபவனுக்கும் கைகொடுக்கும். அந்த வேலைகளையெல்லாம் பிடுங்கிவிட்டால் கோப்பு சாதுவாகிவிடும். ஆனால் அதோடு சேர்ந்து தேடும் வசதியும், திருத்தும் வசதியும், டிஜிட்டல் கையொப்பமும் போய்விடும். ஆகவே கடைக்குள் வாங்குவதற்கு ஒன்று, திருத்துவதற்கு ஒன்று, அச்சுக்குக் கொடுப்பதற்கு ஒன்று, எடுத்து வைப்பதற்கு ஒன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எதை இழக்கலாம், எதை இழக்கக் கூடாது என்பதுதான் கேள்வி.

முதலில் வேர்டு. மேக்ரோ என்பது கோப்புக்குள்ளேயே பொதிந்து வரும் சிறு நிரல். மேக்ரோ வைரஸ் 1995-இலேயே 'கான்செப்ட்' என்ற பெயரில் வந்துவிட்டது. 1999-இல் 'மெலிசா' உலகெங்கும் மின்னஞ்சல்களை முடக்கியது. 2007-க்குப் பிறகு வந்த டாக்எக்ஸ் வடிவம் மேக்ரோவைச் சுமக்காது. மேக்ரோ வேண்டுமென்றால் டாக்எம் என்று தனி வடிவம். அதனால் டாக்எக்ஸ் வந்தால் நிம்மதி என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான். டாக்எக்ஸ் தனக்குத் தேவையான டெம்ப்ளேட்டையோ வேறு பொருளையோ இணையத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். 2022-இல் வெளிவந்த 'ஃபோலினா' என்ற பாதுகாப்பு ஓட்டை அந்த வழியில் வந்ததுதான். மேக்ரோ ஒன்றுகூட இல்லாமல் கணினியில் கட்டளை ஓட்டியது.

இங்கே உங்கள் கடைக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. இணையத்திலிருந்து வந்த கோப்புகளின் மேக்ரோக்களை 2022 முதல் மைக்ரோசாஃப்ட் தானாகவே தடுக்கிறது. இணையத்திலிருந்து வந்தது என்று வேர்டுக்கு எப்படித் தெரியும்? பிரவுசர் இறக்கும்போதே கோப்போடு ஓர் அடையாளத்தை ஒட்டிவிடும். அந்த அடையாளம் விண்டோஸின் வழக்கமான என்டிஎஃப்எஸ் முறையில் அமைத்த வட்டில் மட்டும்தான் நிற்கும். பெரும்பாலான பென்டிரைவ்கள் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் என்ற வேறு முறையில் அமைந்தவை. அதில் ஏற்றியதுமே அடையாளம் உதிர்ந்துவிடுகிறது. எங்கிருந்தோ இறக்கிய கோப்பு பென்டிரைவ் வழியாக வந்தால், வேர்டு அதை வீட்டுப் பிள்ளையாக நினைத்துத் திறந்துவிடும்.

எனவே அந்த அடையாளத்தை நம்பாத அமைப்பு தேவை. வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், டிரஸ்ட் சென்டர் என்று போய், மேக்ரோ செட்டிங்ஸில் 'டிசேபிள் ஆல் மேக்ரோஸ் வித்தவுட் நோட்டிஃபிகேஷன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். டி.டி.பி. வேலைக்கு வாடிக்கையாளரின் மேக்ரோ ஒருபோதும் தேவைப்படாது. நீங்கள் பயன்படுத்தும் எழுத்துரு மாற்றி வேர்டு மேக்ரோவாக இருந்தால், அந்த ஒன்றை மட்டும் 'டிரஸ்டட் லொகேஷன்' கோப்புறையில் வையுங்கள், அது ஓடும். அடுத்து அதே டிரஸ்ட் சென்டரில் 'ஃபைல் பிளாக் செட்டிங்ஸ்' இருக்கிறது. வேர்டு 97-2003 வகைக்கும் ஆர்டிஎஃப் வகைக்கும் 'ஓபன்' கட்டத்தில் டிக் போட்டு, கீழே 'புரொடெக்டட் வியூவில் திற' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இனி அந்தக் கோப்புகள் எங்கிருந்து வந்தாலும் கூண்டுக்குள்தான் திறக்கும். படிக்கலாம், மேட்டரை நகலெடுத்து ஒட்டலாம். அச்சிடவோ திருத்தவோ முடியாது. கம்போஸ் வேலைக்கு மேட்டர் கையில் கிடைத்தால் போதுமே.

ஆர்டிஎஃப்பை இதில் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. அது வெறும் எழுத்து வடிவம் என்று பெயர் வாங்கியிருந்தாலும், உள்ளே வேறு மென்பொருளின் பொருள்களைப் பொதிந்து கொண்டுவரும். 2017-இல் வேர்டின் பழைய ஈக்வேஷன் எடிட்டரில் தெரியவந்த ஓட்டையை ஆர்டிஎஃப் வழியாகத்தான் நிறையப் பேர் சுரண்டினார்கள். மைக்ரோசாஃப்ட் 2018 ஜனவரியில் அந்த எடிட்டரையே எடுத்துவிட்டது. பள்ளிக்கூடங்களிலிருந்து வரும் பழைய கணிதக் கேள்வித்தாளில் சமன்பாட்டைச் சொடுக்கினால் திருத்த முடியாமல் நிற்பது இதனால்தான். உங்கள் கணினியில் கோளாறு ஏதும் இல்லை.

டாக்எக்ஸைத் திறக்காமலே உள்ளே பார்க்க ஒரு வழி இருக்கிறது. அது உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். பிரதி ஒன்று எடுத்து, கடைசி எழுத்துகளை ஜிப் என்று மாற்றித் திறந்தால் 'வேர்டு' என்ற கோப்புறை தெரியும். அதற்குள் 'மீடியா' கோப்புறையில் படங்கள் தனித்தனிக் கோப்பாக இருக்கும். திரையிலிருந்து படத்தை நகலெடுப்பதைவிட இது நல்லது. ஆனால் வேர்டு சேமிக்கும்போதே படங்களை 220 பிபிஐக்குச் சுருக்கிவிடும் பழக்கம் உள்ளது. அட்டைப்படத்துக்கு அது போதாது. மூலப் படத்தைக் கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அங்கேயும் சுருங்கும். அந்த 'வேர்டு' கோப்புறையில் 'விபிஏபிராஜெக்ட்' என்ற கோப்பு இருந்தால் மேக்ரோ இருக்கிறது என்று பொருள். அந்தக் கோப்பைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பென்டிரைவ் பற்றி இன்னொன்று. எக்ஸ்ப்ளோரரின் வியூ பகுதியில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதைத் தெரியும்படி வைக்காத கணினியில் வேறு எந்த ஏற்பாடும் பலிக்காது. 'பத்திரிகை.பிடிஎஃப்' என்று தெரிவது உண்மையில் 'பத்திரிகை.பிடிஎஃப்.இஎக்ஸ்இ' ஆக இருக்கும். கோப்புறைகளெல்லாம் ஷார்ட்கட்டாக மாறித் தெரிந்தால் எதையும் சொடுக்காதீர்கள். மூலக் கோப்புகள் பெரும்பாலும் அழிந்திருக்காது, மறைக்கப்பட்டிருக்கும். கமாண்ட் ப்ராம்ப்டில் 'அட்ரிப்' கட்டளையால் மறைவை நீக்கி எடுக்கலாம்.

இனி பிடிஎஃப். அச்சுக்கு வரும் வடிவங்களில் மிகவும் நம்பப்படுவது இதுதான், தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். 1993-இல் அடோபி வெளியிட்டது. 2008-இல் ஐஎஸ்ஓ தரமானது. வெறும் காகிதத்தின் படம் போலத் தெரிந்தாலும் அதற்குள் ஜாவாஸ்கிரிப்ட், வேறு நிரலைத் திறக்கச் சொல்லும் கட்டளை, இணைக்கப்பட்ட கோப்பு எல்லாம் இருக்க இடமுண்டு. அடோபி ரீடரில் எடிட், ப்ரிஃபரன்சஸ், ஜாவாஸ்கிரிப்ட் என்று போய் அதை அணைத்துவிடுங்கள். சில அரசுப் படிவங்களில் தானாகக் கூட்டும் கட்டங்கள் வேலை செய்யாமல் போகும். அப்போது மட்டும் இயக்கிக்கொள்ளலாம். ஆவணக் காப்புக்கென்று 2005-இல் வந்த பிடிஎஃப்/ஏ தரம் ஜாவாஸ்கிரிப்ட்டையும் பூட்டையும் தடுக்கிறது, எழுத்துருவை உள்ளேயே பொதியச் சொல்கிறது. ஆனால் அது ஒரு முத்திரை மட்டும்தான், காவல்காரன் அல்ல. முத்திரை இருக்கிறது என்பதற்காக ரீடர் சோதித்துப் பார்ப்பதில்லை. அதே தரத்தின் 2012-ஆம் ஆண்டு மூன்றாம் பகுதி எந்தக் கோப்பையும் உள்ளே இணைக்க இடம் கொடுத்துவிட்டது.

சந்தேகமான பிடிஎஃப்பைச் சாதுவாக்கும் உறுதியான வழி, பக்கங்களைப் படமாக்கி மறுபடி பிடிஎஃப் ஆக்குவது. 'டேஞ்சர்சோன்' என்ற இலவச மென்பொருள் இதைக் கூண்டுக்குள் வைத்துச் செய்கிறது. எழுத்தெல்லாம் படமாகிவிடுவதால் தேட முடியாது, நகலெடுக்க முடியாது. அச்சு எடுக்க மட்டும் வந்த கோப்புக்கு இது நல்லது. கம்போஸுக்கு வந்த கோப்புக்கு வேண்டாம்.

டிஜிட்டல் கையொப்பம் உள்ள கோப்புக்கும் இது வேண்டாம். இ-ஆதார், டிஜிலாக்கர் சான்றிதழ் போன்றவற்றின் கையொப்பம் கோப்பின் ஒவ்வொரு பைட்டையும் சேர்த்துப் போட்டது. 'பிரின்ட் டு பிடிஎஃப்' கொடுத்தாலோ, அளவைச் சுருக்கினாலோ, இரண்டு பக்கத்தைச் சேர்த்தாலோ கையொப்பம் செத்துவிடும். பார்வைக்குப் பச்சை டிக் படமாக ஒட்டிக்கொண்டிருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. கையொப்பம் தேவைப்படும் இடத்தில் இறக்கிய கோப்பை இறக்கியபடியே கொடுங்கள்.

இ-ஆதாரின் கடவுச்சொல் பெயரின் முதல் நான்கு ஆங்கிலப் பெரிய எழுத்தும் பிறந்த வருடமும் என்பது ஊருக்கே தெரியும். வாட்ஸ்அப்பில் தவறான ஆளுக்குப் போய்விட்டால் உடனே கண்ணில் படாமல் தடுக்கும், அவ்வளவுதான். தெரிந்தவர் கையில் அது பூட்டே இல்லை. 'அச்சிடக் கூடாது, திருத்தக் கூடாது' என்று பிடிஎஃப்பில் போடும் தடை அதைவிடப் பலவீனம்; அது ரீடரிடம் வைக்கும் வேண்டுகோள். ஆகவே பூட்டைத் திறந்து அச்சிட்ட பிறகு திறந்த பிரதியைச் சேமிக்காதீர்கள். மாலையில் 'டவுன்லோட்ஸ்' கோப்புறையைக் காலி செய்து, வாட்ஸ்அப் வெப்பிலிருந்து வாடிக்கையாளரை வெளியேற்றுங்கள். ஒரு சம்பா பருவம் முழுக்கப் பயிர்க் காப்பீட்டுக்கு வந்தவர்களின் ஆதாரும் வங்கிப் பாஸ்புக்கும் கடைக் கணினியில் கிடப்பதைவிடப் பெரிய ஆபத்தை எந்த மேக்ரோவும் தராது. கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார் போதும் என்கிற இடத்தில் அதையே இறக்கிக் கொடுங்கள்.

காப்பீட்டு வேலையில் அடுத்த தொல்லை கோப்பின் அளவு. தளங்கள் 200 கேபிக்குள் கேட்கும்போது, இணையத்தில் 'கம்ப்ரஸ் பிடிஎஃப்' என்று தேடி, முகம் தெரியாத தளத்தில் வாடிக்கையாளரின் பாஸ்புக்கை ஏற்றுவது பரவலான பழக்கம். அதை விட்டுவிடுங்கள். அளவை ஸ்கேனரிலேயே தீர்க்கலாம். ஏ4 தாளை 200 டிபிஐயில் எடுத்தால் சுமார் 39 லட்சம் புள்ளிகள்; 150 டிபிஐயில் சுமார் 22 லட்சம்தான். கிரேஸ்கேலில் 150 வைத்தால் பெரும்பாலும் வரம்புக்குள் வந்துவிடும். கறுப்பு-வெள்ளை முறையில் இன்னும் சிறியதாகும், ஆனால் கிராம நிர்வாக அலுவலரின் மங்கிய முத்திரை காணாமல் போய்விடும். கையால் எழுதிய அடங்கலுக்கு (கிராமப் பயிர்ப் பதிவு) அதை வைக்காதீர்கள். கணினியிலேயே சுருக்க வேண்டுமென்றால் பிடிஎஃப், போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்புகளைக் கையாளும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் மென்பொருள் இருக்கிறது: 'ஸ்கிரீன்' அமைப்பு படங்களை 72 டிபிஐக்கும் 'ஈபுக்' 150-க்கும் இறக்கும். அதன் 10.03.1 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பை வைத்திருங்கள். பக்கத்தை அச்சுக்கு விவரிக்கும் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்பதே ஒரு நிரல்மொழி. கோப்பு வரம்பு மீறாமல் தடுக்கும் கட்டுப்பாடு கோஸ்ட்ஸ்கிரிப்ட் 9.50 பதிப்பு முதல் தானாக இயங்கினாலும், அதை மீறும் ஓட்டை ஒன்று 2024-இல் வெளியாயிற்று. வெளியிலிருந்து வரும் இபிஎஸ் கோப்பையும் (போஸ்ட்ஸ்கிரிப்டில் எழுதிய படம்) இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சுருக்குவதில் ஓர் எச்சரிக்கை, சிட்டா என்ற நிலப் பதிவோடும் அடங்கலோடும் நேரடியாகச் சம்பந்தப்பட்டது. ஜேபிக்2 என்ற சுருக்கும் முறை, பக்கத்தில் ஒரே மாதிரி தெரியும் வடிவங்களைத் தேடி, ஒன்றை மட்டும் சேமித்து மற்ற இடங்களில் அதையே ஒட்டும். 2013-இல் டேவிட் க்ரீசல் என்ற ஜெர்மன் கணினியாளர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில இயந்திரங்கள் ஸ்கேனில் எண்களையே மாற்றிவிடுவதைக் காட்டினார். 6 இருந்த இடத்தில் 8 அச்சடித்தாற்போல் தெளிவாக நின்றது. மங்கலாகத் தெரிந்தால் கண் சந்தேகப்படும். தெளிவாகத் தப்பாக இருந்தால் யாருக்கும் தெரியாது. சர்வே எண் 168/6 என்பது 168/8 ஆனால் அது பக்கத்து வயல்காரர் நிலம். சிறிய அளவு முறையில் ஸ்கேன் செய்தால் சர்வே எண்ணையும் பரப்பளவையும் மூலத்தோடு ஒரு முறை கண்ணால் ஒப்பிட்டுவிடுங்கள். இதே ஜேபிக்2-வின் இன்னொரு முகம் 2021-இல் வெளிப்பட்டது. ஐபோன்களை உளவு பார்க்க, ஜிஃப் படம் போல் பெயரிட்ட ஒரு பிடிஎஃப்பில், படத்தை விரிக்கும் 70,000-க்கும் மேற்பட்ட கட்டளைகளை அடுக்கி ஒரு சிறிய கணினியையே உள்ளே கட்டியிருந்தார்கள். அதில் ஜாவாஸ்கிரிப்டும் இல்லை, மேக்ரோவும் இல்லை. ரீடரையும் விண்டோஸையும் அப்டேட் செய்துவைப்பதற்கு மாற்றே கிடையாது என்பது இதனால்தான்.

அச்சகத்துக்குக் கொடுக்கும்போது எழுத்தைக் கர்வ்ஸ் போட்டு (எழுத்தைக் கோட்டுப் படமாக்கி) அனுப்புவது நம் பக்கம் நடைமுறை. காரணம் நியாயமானது: பழைய தமிழ் ஃபாண்ட் அங்கே இல்லாவிட்டால் பத்திரிகை முழுக்க ஆங்கிலக் குப்பையாகிவிடும். ஆனால் கர்வ்ஸ் ஆன பிறகு, முகூர்த்த நேரத்தில் ஒரு எழுத்து தப்பு என்றால் அங்கே திருத்த முடியாது. எட்டுப் பாயிண்டுக்குக் குறைந்த எழுத்து லேசர் பிரின்டரில் சற்றுத் தடித்துப் போகும். ஒற்றைத்தாள் பத்திரிகைக்கும் போஸ்டருக்கும் கர்வ்ஸ் சரி. புத்தகம், மலர் என்றால் ஃபாண்ட் பொதிந்த பிடிஎஃப்/எக்ஸ் (அச்சுக்கென்று வகுத்த பிடிஎஃப் தரம்) கொடுங்கள். சுற்றிலும் 3 மி.மீ. பிளீட் (வெட்டுக்கு விடும் கூடுதல் ஓரம்), படங்கள் 300 டிபிஐ. எதைக் கொடுத்தாலும் கர்வ்ஸ் ஆகாத மூலத்தைத் தனிப் பெயரில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் மேலே சேமித்து மூலத்தைப் பறிகொடுப்பது இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கும் இழப்பு.

லேடெக் ஆய்வேட்டுக்கு வருவோம். எழுத்துக் கோப்புதானே, என்ன செய்துவிடும் என்று தோன்றும். ஆனால் லேடெக்கின் அடித்தளமான டெக் ஒரு முழு நிரல்மொழி. அதனால் 'ரைட்18' என்ற வாசல் வழியாகக் கணினியின் கட்டளைகளை ஓட்ட முடியும். பரவலாக நிறுவப்படும் டெக் தொகுப்பான டெக் லைவ் இதை ஒரு சில பாதுகாப்பான கட்டளைகளுக்கு மட்டும் முன்கூட்டியே கட்டுப்படுத்தியிருக்கிறது. எழுதுவதையும் தன் கோப்புறைக்குள் அடக்குகிறது. ஆனால் படிப்பதற்குப் பெரும்பாலும் தடை இல்லை. வேறொருவர் கொடுத்த கிளாஸ் கோப்பு (பக்க அமைப்பை வகுக்கும் லேடெக் கோப்பு) உங்கள் வட்டில் உள்ள ஒரு கோப்பைப் படித்து, வெளிவரும் பிடிஎஃப்பில் சேர்த்துவிட முடியும். டெக்கின் இன்னொரு வகையான லுவாடெக்கில் 1.17.0-க்கு முந்தைய பதிப்புகளில், தடை இருந்தும் கட்டளை ஓட்டும் ஓட்டை 2023-இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஆகவே மாணவரின் லேடெக்கை வாடிக்கையாளர் கோப்புகள் இல்லாத தனி விண்டோஸ் கணக்கில், அட்மின் உரிமை இல்லாமல் ஓட்டுங்கள். அல்லது லேடெக்கை இணையத்திலேயே ஓட்டும் ஓவர்லீஃப் தளத்தில் ஏற்றிப் பிடிஎஃப் எடுக்கச் சொல்லுங்கள். நிரல்வரிகளை வண்ணமிடும் 'மின்டட்' தொகுப்பு 'ஷெல் எஸ்கேப்' (கணினிக் கட்டளை ஓட்டும் அனுமதி) கேட்டால், பிறருடைய கோப்புக்கு அதைத் திறக்காதீர்கள். 'லிஸ்டிங்ஸ்' தொகுப்பு அந்த வேலையை அதில்லாமல் செய்யும், அழகு கொஞ்சம் குறையும்.

தமிழ் ஆய்வேடு என்றால் பிடிஎஃப்லேடெக் உதவாது. ஜீலேடெக் எடுங்கள், அல்லது லுவாலேடெக்கில் ரெண்டரராக (எழுத்துகளைக் கூட்டி அமைக்கும் கருவி) ஹார்ஃப்பஸ் என்று குறியுங்கள். இரண்டிலும் ஃபாண்டுக்கு 'ஸ்கிரிப்ட்' தமிழ் என்று சொல்லாவிட்டால் எழுத்துகள் சரியாகக் கூடாது. புதிதாகத் தொடங்குபவருக்கு, லேடெக் போன்ற வேலையைச் செய்யும் டைப்ஸ்ட் நல்ல தேர்வு. 2023-இல் வெளிவந்தது, வெளிக்கட்டளை ஓட்டும் வசதியே அதில் இல்லை, கோப்புகளையும் திட்டக் கோப்புறைக்குள் மட்டுமே படிக்கும். பல்கலைக்கழகம் லேடெக் வார்ப்புருதான் வேண்டும் என்றால் அங்கே அது செல்லாது.

மென்பொருளும் ஃபாண்டும் எங்கிருந்து வருகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். கிராக் செய்த கோரல்டிராவை நிறுவ ஆன்ட்டிவைரஸை அணைத்த கணினியில் மேலே சொன்ன எதுவும் நிற்காது. வாடிக்கையாளர் கொண்டுவரும் ஃபாண்டை அப்படியே நிறுவுவதும் ஆபத்துதான்; 2011-இல் 'டூக்கூ' என்ற உளவு நிரல் வேர்டுக் கோப்பில் பொதிந்த ஒரு ட்ரூடைப் ஃபாண்ட் வழியாகத்தான் விண்டோஸின் மையத்துக்குள் நுழைந்தது.

கடைசியாக மகாமக மலர். பேஜ்மேக்கரின் இறுதிப் பதிப்பு 7, 2001-இல் வந்தது. எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூனிகோடு குறியீடு அதற்குத் தெரியாது. இன்டிசைனில் சிஎஸ்6 வரை அந்தக் கோப்புகளைத் திறக்கும், பிந்தையவை திறக்காது. அது கையில் இல்லாவிட்டால் லிப்ரே ஆபீஸ் டிராவில் திறந்து பாருங்கள். பக்க அமைப்பு கலைந்து வரும், மேட்டர் வந்துவிடும். பழைய பேஜ்மேக்கர் கணினி இன்னும் ஓடினால் இணைய இணைப்பைக் கழற்றிவிட்டு அந்த வேலைக்கு மட்டும் வையுங்கள்.

வந்த மேட்டர் பாமினி போன்ற பழைய தமிழ் ஃபாண்டில் இருக்கும். 'அம்மா' என்று திரையில் தெரிவது உள்ளே ஆங்கில எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து எழுத்துதான். யூனிகோடுக்கு மாற்றும்போது ஃபாண்ட் பெயர் பார்த்து அந்தப் பகுதிகளை மட்டும் மாற்றுங்கள். மொத்தமாக மாற்றினால் மலரில் உள்ள ஆங்கிலப் பெயர்களும் விளம்பரங்களும் தமிழ்க் குப்பையாகும். பிறகு இரண்டு இடங்களைக் கட்டாயம் பாருங்கள். பழைய ஃபாண்ட்களில் ஔகாரக் குறியும் 'ள'வும் ஒரே எழுத்து. மாற்றி குழம்பினால் 'வெள்ளம்' என்பது 'வௌ்ளம்' ஆகும், 'கௌரவம்' என்பது 'கெளரவம்' ஆகும். இரண்டாவது கண்ணுக்கே தெரியாது. அடுத்தது 'ர்': பழைய தட்டச்சில் துணைக்காலுக்கு மேல் புள்ளி வைத்தே அதை அடித்திருப்பார்கள். மாற்றி விட்டுவைத்தால் 'அவர்கள்' என்று தேடினால் கிடைக்காது.

எடுத்து வைப்பதற்கு ஒரு கோப்புறையில் நான்கு பொருள் போதும்: யூனிகோடு மேட்டர் டாக்எக்ஸ் அல்லது ஓடிடி (லிப்ரே ஆபீஸின் எழுத்துக் கோப்பு) வடிவில், மூலப் படங்கள், பயன்படுத்திய யூனிகோடு ஃபாண்ட், அச்சான பிடிஎஃப்/ஏ. இரண்டு வெவ்வேறு வட்டில் வையுங்கள். பிடிஎஃப்பை எடுத்து வைக்கும் முன் வேறொரு கணினியில் திறந்து 'கொள்ளிடம்' என்று தேடுங்கள். இரட்டைக்குறி ஒகரமும் புள்ளி எழுத்தும் இகரமும் அந்த ஒரே சொல்லில் இருக்கின்றன. தேடல் அந்தச் சொல்லில் போய் நின்றால் எழுத்து ஒழுங்காக உள்ளே இருக்கிறது. நிற்காவிட்டால் பிடிஎஃப் செய்த மென்பொருளை மாற்றிப் பாருங்கள், அதுவரை அந்த டாக்எக்ஸ்தான் உங்கள் மூலம்.